குளிர் வருமுன் காலிப் பாத்தியில் எதை நடுவது?

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். பிரிட்டனின் பேரங்காடிகளில் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரிக்காய் அடுக்கி வைக்கும் தட்டுகள் காலியாகக் கிடந்தன. ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் வானிலை கெட்டதால் வரத்து குறைந்திருந்தது. டெஸ்கோ, ஆஸ்டா, மோரிசன்ஸ், ஆல்டி ஆகிய கடைகள் ஒருவருக்கு இத்தனைதான் என்று அளவு வைத்து விற்றன. அப்போது சுற்றுச்சூழல், உணவுத் துறை அமைச்சராக இருந்த தெரேஸ் காஃபி, உள்நாட்டில் அந்தந்தப் பருவத்தில் விளைவதைப் போற்றவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னபோது, டர்னிப் கிழங்கை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். அந்தப் பேச்சு பல நாள் கேலிக்கு ஆளானது.

கேலி இருக்கட்டும். அதற்குள் ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது. அதே குளிரில், அதே மாதத்தில், சொந்தப் பாத்தியிலிருந்து கீரையும் லீக்ஸும் பறித்துச் சமைத்த குடும்பங்களும் அந்த நாட்டில் உண்டு. அவர்கள் என்ன நட்டார்கள்? அதைவிட முக்கியம், எப்போது நட்டார்கள்?

நம் வட்டாரத்திலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் பிரிட்டன் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் இன்று அங்கே தோட்டமும் போடுகிறார்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்த் தோட்டத்தில் ஒரு விஷயம் பிடிபடச் சற்று நாளாகும். அதைப் புரிந்துகொண்டால், குளிர்காலத்தில் பாத்தியைக் காலியாகப் போடவேண்டிய அவசியமே இல்லை.

அலாட்மெண்ட் என்பது என்ன?

வீட்டோடு நிலம் இல்லாதவர்கள் காய்கறி பயிரிடுவதற்காக, ஆண்டு வாடகைக்குக் கிடைக்கும் சிறு துண்டு நிலத்தைத்தான் பிரிட்டனில் 'அலாட்மெண்ட்' என்கிறார்கள். பெரும்பாலும் நகராட்சியோ உள்ளூர்ச் சங்கமோ அதை நடத்தும். தேவை இருக்கும் இடங்களில் உள்ளாட்சி அமைப்புகள் இத்தகைய நிலத்தை ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாக்கியது. குத்தகைக்காரரும் அவர் குடும்பமும் உண்பதற்காகக் காய்கறியோ பழமோ விளைவிக்கும் நிலம் இது என்று 1922ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

வழக்கமான முழுத் துண்டு ஒன்று ஏறக்குறைய 250 சதுர மீட்டர். இந்த அளவை நம் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காக் கழகம் குத்தகைக்கு விடும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்டது. அப்படிப்பட்ட 100 பாத்திகள் சேர்ந்தால்தான் ஒரு பிரிட்டிஷ் துண்டு!

இவ்வளவு பெரிய நிலம் கைக்கு வருவதும் எளிதல்ல. பல ஊர்களில் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். கிடைத்த பிறகும் நிலத்தைப் பயிரில் வைத்திருப்பது குத்தகையின் நிபந்தனை. களை மண்டிக் கிடந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் அசையாவிட்டால் நிலம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

சிக்கல் ஆரம்பமாவது ஜூலை, ஆகஸ்டில்தான். முதல் உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. பூண்டும் வெங்காயமும் பிடுங்கியாகிவிட்டது. பட்டாணி காய்த்து ஓய்ந்துவிட்டது. கோடை வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நிலத்தில் பாதி காலி. புதிதாக வந்தவர், "இனி அடுத்த வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுகிறார். அதற்கடுத்த எட்டு மாதம் அவர் கடையில்தான் கீரை வாங்கவேண்டும்.

எதிரி குளிரா, இருட்டா?

குளிர்காலத்தில் எதுவும் வளராது என்றால், குளிர்தான் காரணம் என்று நாம் நினைப்போம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி வெளிச்சம்.

கோலாலம்பூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரைமணி நேரம்கூட வேறுபாடு இல்லை. சிங்கப்பூரில் அதைவிடக் குறைவு. அதனால் நம் ஊரில் இன்று விதைத்தாலும் அடுத்த மாதம் விதைத்தாலும் கங்கோங் கீரை ஏறக்குறைய அதே நாள்கணக்கில் பறிப்புக்கு வந்துவிடும். லண்டன் கணக்கு வேறு. ஜூன் 21 வாக்கில் அங்கே பகல் 16 மணி 38 நிமிடம் நீடிக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் 7 மணி 50 நிமிடம்தான். செப்டம்பர் மாதத்தில் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் பகல் குறைகிறது. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அரைமணி நேர வெளிச்சம் போய்விட்டது என்று பொருள்.

பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான காய்கறிச் செடிகள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. அவை சாவதில்லை. ஆனால் வளர்வதுமில்லை. லண்டனில் இந்த நிலை அக்டோபர் கடைசி வாரத்தில் தொடங்கி, பிப்ரவரி நடுப்பகுதி வரை நீடிக்கும். ஸ்காட்லாந்தில் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர்கால விவசாயத்துக்குப் பெயர்பெற்ற எலியட் கோல்மன் இந்த இருண்ட நாள்களுக்கு 'பெர்செஃபனி நாள்கள்' என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில், ஆண்டின் ஒரு பகுதியைப் பாதாள உலகில் கழிக்கும் பெண்ணின் பெயர் அது. அவள் கீழே இருக்கும் வரை பூமியில் எதுவும் விளையாது என்பது கதை.

ஆகவே நவம்பரில் விதைத்துவிட்டு டிசம்பரில் கீரை பறிக்கலாம் என்று எதிர்பார்ப்பது வீண். டிசம்பரில் பறிக்கவேண்டிய கீரை அக்டோபர் முடிவதற்குள் வளர்ந்து முடித்திருக்கவேண்டும். குளிர்காலப் பாத்தியை ஒரு கிடங்காக எண்ணிக்கொள்வது நல்லது. வெளிச்சம் இருக்கும்போது நிரப்பி வைத்து, இருட்டில் எடுத்து உண்கிறோம்.

நாளை எப்படிக் கணக்கிடுவது?

விதை உறையில் 'இத்தனை நாளில் அறுவடை' என்று அச்சிட்டிருப்பார்கள். அது நல்ல வெயில் காலத்துக்கான கணக்கு. பருவக் கடைசியில் விதைக்கும்போது அதோடு இரண்டு வாரத்தைக் கூட்டிக்கொள்வது தோட்டக்காரர்களின் வழக்கம். வந்த தொகையை அக்டோபர் 28இலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்கவேண்டிய கடைசி நாள் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, உறையில் 60 நாள் என்று போட்ட டர்னிப். இரண்டு வாரம் கூட்டினால் 74 நாள். அக்டோபர் 28இலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்டு 15. 35 நாள் என்று போட்ட கீரைக்கு 49 நாள். செப்டம்பர் 9 வரை தவணை உண்டு. இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே எந்த விதையை வாங்கலாம், எதை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடலாம் என்பது தெரிந்துவிடும்.

காலிப் பாத்திக்கு மூன்று வழி

குளிர்காலத்தில் பறித்து உண்ண ஒரு வகைப் பயிர். குளிரைச் சின்னச் செடியாகத் தூங்கிக் கழித்து, வசந்தத்தில் பலன் தர ஒரு வகை. மண்ணுக்கே உணவாக மூன்றாவது வகை. எந்தப் பாத்திக்கு எந்த வழி என்பதை, அது எந்த மாதத்தில் காலியாகிறது என்பதை வைத்து முடிவு செய்யவேண்டும்.

முதல் வகை: குளிரில் பறித்து உண்ண

ஆகஸ்டு நடுப்பகுதிக்குள் காலியாகும் பாத்திதான் மிகவும் மதிப்புள்ளது. டர்னிப், நூல்கோல், சுவிஸ் சார்ட், வற்றாத கீரை என்று அங்கே சொல்லப்படும் 'பெர்பெச்சுவல் ஸ்பினாச்' ஆகியவற்றுக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

நமக்குப் பழக்கமான கீரைகளுக்கும் இதுதான் பொற்காலம். பாக் சோய், கடுகுக் கீரை, ஜப்பானிய மிசூனா ஆகியவற்றைப் பிரிட்டனில் வசந்தத்தில் விதைத்தால், பகல் நீள நீள, இலை பெருக்கும் முன்பே பூத்துவிடும். ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் விதைத்தால் பகல் குறைந்துகொண்டே போவதால் பூக்கும் அவசரம் இல்லை. இலை நன்றாக விரியும். மலேசியச் சந்தையில் 'சாவி' என்று வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கடுகினக் கீரைகளின் ருசி புதிதல்ல. கொத்தமல்லிக்கும் இதே கதைதான். கோடையில் பூத்து ஓடிவிடும் கொத்தமல்லி, ஆகஸ்டில் விதைத்தால் நின்று நிதானமாகத் தழைக்கும்.

செப்டம்பரில் காலியாகும் பாத்திக்குச் சின்ன இலைக் கீரைகள்தாம் பொருத்தம். 'லேம்ப்ஸ் லெட்டஸ்' என்ற சிறு சாலட் கீரை, 'வின்டர் பர்ஸ்லேன்', ராக்கெட் கீரை, 'வின்டர் டென்சிட்டி', 'ஆர்க்டிக் கிங்' போன்ற குளிர் தாங்கும் லெட்டஸ் வகைகள் ஆகியவை தோற்றத்தில் எளியவை. ஆனால் உறைபனியைத் தாங்கி நிற்பதில் முதல் வரிசை. முழுச் செடியாகப் பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தால் பாத்தி நெடுநாள் உழைக்கும்.

லீக்ஸ், கேல் கீரை, பர்ப்பிள் ஸ்ப்ரௌட்டிங் புரோக்கோலி ஆகியவைதாமே குளிர்காலத்தின் ராஜாக்கள், அவற்றை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அவற்றை வசந்தத்திலேயே விதைத்திருக்கவேண்டும். ஆகஸ்டில் விதை போட்டால் பிந்திவிட்டது. ஆனால் நர்சரிகளில் வளர்ந்த நாற்றாகக் கிடைக்கும். ஆகஸ்டு தொடக்கத்தில் நாற்று வாங்கி நட்டால் தப்பித்துக்கொள்ளலாம். காசு கொஞ்சம் கூட. அந்தக் காசு நாம் தவறவிட்ட மூன்று மாதத்துக்கான விலை.

இரண்டாம் வகை: தூங்கி எழும் பயிர்

பிரிட்டனில் மிகவும் வெறுமையான காலம் டிசம்பர் அல்ல. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரைதான். குளிர்காலக் காய்கள் தீர்ந்துபோயிருக்கும். வசந்தத்தில் விதைத்தது இன்னும் முளைவிட்ட நிலையிலேயே இருக்கும். வெளியே வெயில், உள்ளே வெறும் கூடை! இதற்குத் தோட்டக்காரர்கள் 'பசி இடைவெளி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அடைக்கும் பயிர்களை இலையுதிர் காலத்தில்தான் ஊன்றவேண்டும்.

வசந்த முட்டைக்கோஸை ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பரில் பாத்திக்கு மாற்றுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அது கைக்கு வரும். பிராட் பீன்ஸில் 'அக்வாடுல்சே கிளாடியா' என்ற பழைய ரகம் குளிருக்குப் பெயர்போனது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால், மே கடைசியிலிருந்து காய் பறிக்கலாம். நடவுக்கென்றே விற்கும் குட்டி வெங்காயத்தைச் செப்டம்பர், அக்டோபரில் நடலாம். ஜூன், ஜூலையில் வெங்காயம் கிடைக்கும்.

பூண்டு ஒரு விசித்திரமான பயிர். அதற்குக் குளிர் தேவை. ஒன்றிரண்டு மாதம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே கிடந்தால்தான் அது பல் பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் பிரியாத ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். ஆகவே அக்டோபரிலோ நவம்பரிலோ ஒவ்வொரு பல்லாக, கூர்முனை மேலே இருக்கும்படி, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றவேண்டும். கடையில் சமையலுக்கு வாங்கிய பூண்டு பெரும்பாலும் வெப்ப நாட்டு ரகம். நோய்க் கிருமி ஒட்டியிருக்கவும் கூடும். நடவுக்கு விற்கும் பூண்டை வாங்குவதே பாதுகாப்பு.

முதல் வகைக்குச் சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கிடங்குப் பயிர் இருட்டு வருமுன் முழுதாக வளர்ந்திருக்கவேண்டும். தூங்கும் பயிர் சிறியதாகத்தான் இருக்கவேண்டும். ஆர்வத்தில் பிராட் பீன்ஸைச் செப்டம்பரிலேயே ஊன்றினால் அது நெடுநெடுவென்று வளர்ந்து, ஜனவரிக் காற்றில் ஒடிந்துவிடும். முட்டைக்கோஸும் வெங்காயமும் குளிருக்கு முன் மிகவும் பெருத்துவிட்டால், வசந்தம் வந்ததும் விளைச்சல் தராமல் பூத்துவிடும். ஒரே தோட்டத்தில் சிலவற்றுக்கு அவசரமும் சிலவற்றுக்குப் பொறுமையும் வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகை: மண்ணுக்குச் சோறு

எதற்கும் நேரமில்லை, ஆளில்லை என்றால் என்ன செய்வது? அப்போதும் மண்ணை அம்மணமாக விடக்கூடாது. குளிர்கால மழை மண்ணில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் சத்தைக் கரைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். மேல்மண் அடிபட்டு இறுகும். குளிருக்கு அஞ்சாத களைகள் வந்து குடியேறும்.

இதற்கு விடை பசுந்தாள் உரம். தமிழ்நாட்டு வயல்களில் தக்கைப்பூண்டையும் சணப்பையையும் விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுவது போலத்தான் இதுவும். பிரிட்டனில் அக்டோபர் வரைகூட 'கிரேசிங் ரை' என்ற புல்தானியத்தை விதைக்கலாம். அது மழையில் ஓடவிருக்கும் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'ஃபீல்ட் பீன்ஸ்' நவம்பர் வரை தாங்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்க்கும். வசந்தத்தில் நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாக வெட்டி மண்ணில் புதைக்கவேண்டும். ரை புல்லைப் புதைத்த உடனே சின்ன விதைகளைத் தூவினால் அவை சரியாக முளைக்காது என்பதால் இந்த இடைவெளி அவசியம்.

நம் அஞ்சறைப் பெட்டியிலுள்ள ஒரு பொருளும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. வெந்தயத்தை அந்நாட்டு விதைக் கடைகள் பசுந்தாள் உரமாகவே விற்கின்றன. ஆகஸ்டு வரை விதைக்கலாம். உறைபனியில் மடிந்து மண்ணோடு சேர்ந்துவிடும். அதற்கு முன் ஒன்றிரண்டு முறை வெந்தயக் கீரை பறித்துக்கொண்டால் யாரும் ஆட்சேபிக்கப்போவதில்லை!

பொதுவாக எழும் சந்தேகங்கள்

உறைபனியில் கீரை செத்துவிடாதா? குளிர் தாங்கும் செடிகள் செல்களில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது. கேல் கீரையும் லீக்ஸும் பனி பட்ட பிறகு இனிப்பதற்கு இதுவே காரணம். விடியற்காலையில் விறைத்துக் கிடக்கும் கீரை பகலில் தானாக நிமிர்ந்துவிடும். உறைந்திருக்கும்போது மட்டும் பறிக்கக்கூடாது.

கண்ணாடிக் கூடம் கட்டாயமா? இல்லை. உண்மையில் குளிரைவிடக் காற்றும் ஈரமும்தான் அதிகம் கெடுக்கின்றன. 'ஃப்ளீஸ்' என்ற மெல்லிய வெள்ளைத் துணியை வளைவுக் கம்பிகள்மீது போர்த்தி ஓரங்களில் கல் வைத்தாலே இரண்டொரு டிகிரி காப்பு கிடைக்கும். கோஸ் இனச் செடிகளுக்கு வலை கட்டாயம். குளிர்காலத்தில் வேறு பச்சை கிடைக்காத காட்டுப் புறாக்கள் ஒரே நாளில் பாத்தியை மொட்டையடித்துவிடும்.

எந்தப் பாத்தியிலும் எதையும் நடலாமா? கூடாது. கோஸ், டர்னிப், பாக் சோய், மிசூனா எல்லாம் ஒரே குடும்பம். கோஸ் இருந்த இடத்தில் மீண்டும் இவற்றையே நட்டால் வேர் வீங்கும் 'கிளப் ரூட்' நோய் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். உருளைக்கிழங்கோ பட்டாணியோ எடுத்த இடம் கோஸ் குடும்பத்துக்கு நல்லது. வெங்காயம் எடுத்த இடத்தில் பூண்டு நடக்கூடாது.

உரம் போடவேண்டுமா? நைட்ரஜன் உரம் அதிகம் போட்டால் இலை கொழுகொழுவென்று வரும். முதல் குளிரிலேயே துவளும். ஆகஸ்டு மண் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஆகவே உரத்தைவிடத் தண்ணீர்தான் முதல் தேவை. விதைக்கும் கோட்டை முதலில் நனைத்து, பிறகு விதைத்து, மேலே காய்ந்த மண்ணைத் தூவுவது நல்ல முறை.

தொடங்க வேண்டியது எங்கே?

முதல் ஆண்டிலேயே 250 சதுர மீட்டரையும் நிரப்பவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று பாத்தி போதும். ஆகஸ்டில் காலியாகும் ஒன்றில் மிசூனா, கடுகுக் கீரை, கொத்தமல்லி. அக்டோபரில் காலியாகும் ஒன்றில் பாதி பூண்டு, பாதி பிராட் பீன்ஸ். மிச்சத்தில் ஃபீல்ட் பீன்ஸைத் தூவி விடுங்கள். பாத்தியில் பச்சை தெரிந்தால், நிலம் பயிரில் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பிரிட்டனில் இருக்கும் மகனோ மகளோ, "அம்மா, எனக்குத் தோட்டத்துக்கு நிலம் கிடைத்துவிட்டது" என்று ஆகஸ்டு மாதத்தில் தொலைபேசியில் சொன்னால், வாழ்த்துச் சொன்ன கையோடு ஒன்றைக் கேளுங்கள்: "எந்தப் பாத்தி காலியாக இருக்கிறது?" அடுத்த வசந்தம் வரை காத்திருக்கப்போவதாகச் சொன்னால், அன்றே ஒரு விதைப் பொட்டலம் வாங்கச் சொல்லுங்கள். அங்கே பகல் ஏற்கெனவே குறையத் தொடங்கிவிட்டது.